சந்தா கேட்கும் சங்கம் கண்டிக்குமா?

கேள்வி: எனது அக்காவின் மகன் இந்தியாவில் ஹோமியோபதி படித்துப் பட்டம் பெற்று, கொழும்பில் முறைப்படி பதிவும் செய்து, கோண்டாவிலில் சிறிய கிளினிக் ஒன்று நடத்துகிறான். ஹோமியோபதி வைத்தியர் சங்கம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து, ஆயுட்கால அங்கத்துவம் எடுக்கச் சொல்லி நிற்கிறார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாமாம். பதிவு இருக்கும்போது சங்கம் எதற்கு என்கிறான் அவன். இதற்கிடையில், அதே சங்கத்து அங்கத்தவர் ஒருவர் எங்கள் அயலில் ஒரு அம்மாவிடம், "இன்சுலின் ஊசியை விடுங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொல்லியிருக்கிறார். சங்கத்துக்கு இதில் பொறுப்பு இல்லையா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: முதலில் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி விட்டு எத்தனை நாள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சிலருக்கு இன்சுலினை நிறுத்தினால் ஆள் மயங்கி விழ ஓரிரு நாளே போதும். போய் வந்த பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

இனி உங்கள் பெறாமகனின் விஷயம். பதிவு என்பது சட்டத்தின் வேலை. ஹோமியோபதிக்கு இலங்கையில் 1970ஆம் ஆண்டிலேயே 7ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இப்போது இருப்பது 2016ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். அதன்படி அமைந்த ஹோமியோபதி மருத்துவ சபைதான் யார் ஹோமியோபதி வைத்தியர் என்று பதிவேட்டில் எழுதும். அந்தப் பெயரை வெட்டும் அதிகாரமும் அதற்குத்தான். சித்தம், ஆயுர்வேதம், யுனானிக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் தனி. ஆங்கில வைத்தியம் படித்த டொக்டர்மாருக்கு இலங்கை மருத்துவ சபை தனி. கைதடியில் சித்த வைத்தியம் படித்து வந்தவரும் ஹோமியோபதிக்காரரும் ஒரே பதிவேட்டில் இருப்பதாக நினைப்பவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு.

சங்கம் வேறு. வைத்தியர்கள் தங்களுக்குள் சந்தா போட்டு, யாப்பு எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்து நடத்துவது அது. அது கொடுக்கும் சான்றிதழை எவ்வளவு பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டாலும் வைத்தியம் செய்யும் உரிமை அதில் வந்துவிடாது. ஒரு கிளினிக்கின் சுவரில் சங்கச் சான்றிதழ் மட்டும் தொங்கி, பதிவு இலக்கம் எங்கேயும் கண்ணில் படாவிட்டால், கேளுங்கள். கேட்டும் காட்டாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்படியானால் பெறாமகன் சொல்வது நியாயம்தானே என்பீர்கள். பாதிதான் நியாயம். சபைக்கு ஒரு விஷயம் போய்ச் சேர்வது அநேகமாகத் தவறு நடந்து, யாராவது எழுதிப்போட்ட பிறகுதான். பக்கத்துத் தெருவில் ஒரு வைத்தியர் எல்லை மீறத் தொடங்குவதை முதலில் கேள்விப்படுபவர் இன்னொரு வைத்தியர். அவருடைய நோயாளிகளே இவரிடமும் வருகிறார்கள் அல்லவா? அந்த நேரத்தில் கூப்பிட்டு, "தம்பி, இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய இடம் சங்கம்தான். அமெரிக்க ஹோமியோபதி வைத்தியர்கள் 1844இலேயே தங்களுக்கென்று தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று உலகறிந்த அமெரிக்க மருத்துவச் சங்கம் பிறந்ததே 1847இல்தான். அந்த ஹோமியோபதி அமைப்பு அன்றே எழுதிவைத்த நோக்கங்களில் ஒன்று, ஒழுங்காகப் படிக்காமல் படித்தவர்போல் வைத்தியம் பார்ப்பவர்களைத் தடுப்பது. பொன்னாடை பற்றி அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹோமியோபதி அன்பர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். போத்தலில் 30சி என்று எழுதியிருந்தால், மூலச் சாற்றில் ஒரு பங்கை எடுத்து நூறு பங்காகக் கரைத்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாகக் கரைத்து, இப்படி 30 தடவை செய்தது என்று அர்த்தம். 12ஆம் தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று 2015இல் அறிவித்தது. பிரான்ஸ் 2021 தொடக்கத்தோடு இந்த மருந்துகளுக்கு அரச காப்புறுதியில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் வாழ்ந்த காலத்தில் நோயாளிக்கு இரத்தம் வடித்தும் கடும் பேதி கொடுத்தும் ஆளையே முடித்த வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களோடு பார்த்தால் சீனி உருண்டை எவ்வளவோ மேல். இன்றைக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

எனக்கு இப்படி ஒரு கருத்து இருப்பதால் சங்கம் வேண்டாம் என்று சொல்வேன் என நினைக்காதீர்கள். சட்டம் அனுமதித்த தொழில். நம்பிப் போகும் சனம் இருக்கிறது. உருண்டையால் பெரிய கேடு வருவது அரிது. கேடு வருவது அதோடு சேர்த்துச் சொல்லப்படும் சொல்லால்: ஊசியை விடு, தடுப்பூசி போடாதே, ஆஸ்பத்திரிக்கு இப்போது போகத் தேவையில்லை. மருந்தைச் சோதிக்க ஆய்வுகூடம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நோயாளியிடம் சொல்லும் வார்த்தையை எந்த ஆய்வுகூடம் சோதிக்கும்? அதைக் காவல் செய்வதுதான் ஹோமியோபதிச் சங்கத்தின் தலையாய வேலை.

டெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் அது ஏறும். மூன்று, நாலு நாள் காய்ச்சல் காய்ந்து, பிறகு விடும். "மருந்து பிடிச்சிட்டுது" என்று வீட்டில் எல்லோரும் மூச்சுவிடும் நேரம் அது. டெங்கில் ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் விழும். வயிற்றுநோ, ஓயாத சத்தி, கை கால் குளிர்தல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் எல்லாம் அதன் அறிகுறிகள். உருண்டை கொடுத்தவர் "பாருங்கோ, காய்ச்சல் விட்டிட்டுது" என்று பெருமைப்படும் அதே மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளை பெரியாஸ்பத்திரி வாட்டில் இருக்க வேண்டியிருக்கலாம். இரண்டாம் நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு, இந்த அறிகுறி கண்டால் ஒரு நிமிடமும் வைத்திருக்காதே என்று ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு அங்கத்தவரின் மேசையிலும் ஒட்டுவதற்கு என்ன செலவாகும்? வருடாந்தக் கூட்டத்துச் சோற்றுப் பார்சல் செலவில் ஒரு மூலைகூட வராது.

கண்டிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே மருத்துவப் பட்டம் இல்லாத ஹோமியோபதிக்காரருக்குக் கட்டாயப் பதிவு கிடையாது. சங்கங்களே பதிவேடு வைத்துக்கொள்கின்றன. அந்தப் பதிவேடுகளை அங்கீகரிக்க, தொழில்முறைத் தர அதிகாரசபை என்று பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான ஒரு அமைப்பு இருக்கிறது. ஹோமியோபதியாளர் சங்கம் என்ற பெரிய சங்கம் 2014இல் அதன் அங்கீகாரத்தைப் பெற்றது. சங்கத்துச் சில அங்கத்தவர்களோ, ஓட்டிசம் தடுப்பூசியால் வருகிறது, அந்த நஞ்சை நீக்கிக் குணமாக்கலாம் என்ற ஒரு முறையைப் பெற்றோருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அடிப்படையே பொய். முறைப்பாடுகள் வந்தன. இதைக் கட்டுப்படுத்தினால்தான் அங்கீகாரம் தொடரும் என்று அதிகாரசபை 2019இல் நிபந்தனை போட்டது. சங்கம் நடந்துகொண்ட விதம் அதற்குத் திருப்தி தரவில்லை. 2021 ஜனவரியில் அங்கீகாரம் இடைநிறுத்தப்பட்டது. யாரோ சிலர் செய்த வேலைக்கு, யாருக்கும் பொய் சொல்லாமல் ஒழுங்காகக் கிளினிக் நடத்தியவர்களின் பெயர்ப்பலகையிலிருந்தும் அந்த முத்திரை போனது. "எங்கட ஆக்கள்" என்று மூடிக்கட்டப் போய், கடைசியில் எல்லா ஆக்களும் சேர்ந்து இழந்தார்கள்.

நம் பக்கத்துச் சங்கங்களை, ஹோமியோபதி மட்டுமல்ல, எந்தத் தொழில் சங்கத்தையும் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை, குழுப்படம். யாப்பில் ஒழுக்காற்றுக் குழு என்று ஒரு பந்தி இருக்கும். அந்தக் குழு கூடியதை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். முறைப்பாட்டை யாரிடம், எந்த மொழியில், எந்த விலாசத்துக்குக் கொடுப்பது என்று நோயாளிக்குத் தெரியாது. 1860களிலேயே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தையே தமிழில் படிப்பித்துக் காட்டியிருக்கிறார். முறைப்பாட்டுப் படிவம் ஒன்றைத் தமிழில் அடிப்பது கஷ்டம் என்று யாரும் வந்து சொல்லவேண்டாம்.

ஆகவே உங்கள் பெறாமகன் சேரலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சேரட்டும். யாப்பை வாங்கி வாசிக்கட்டும். கணக்காய்வு செய்த கணக்கறிக்கையைக் கேட்கட்டும். பதிவு இல்லாதவருக்கும் அங்கத்துவம் கொடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்கட்டும். ஆம் என்றாலும் மழுப்பினாலும் அந்தப் பக்கமே போகவேண்டாம். இதுவரை எத்தனை முறைப்பாடு வந்தது, என்ன செய்தீர்கள் என்றும் கேட்கட்டும். "ஒன்றும் வரவில்லை, எங்கள் ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள்" என்று பதில் வந்தால், முறைப்பாடு போடும் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லட்டும்.

அந்தப் பெட்டியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அயல் அம்மாவுக்கு அந்த வைத்தியர் என்ன சொன்னார், எந்தத் திகதி, யார் கூட இருந்தார்கள், துண்டு ஏதும் எழுதிக் கொடுத்தாரா என்பதையெல்லாம் அந்த அம்மாவைக்கொண்டு ஒரு கடிதமாக எழுதுவியுங்கள். ஒரு பிரதி ஹோமியோபதி மருத்துவ சபைக்கு, இன்னொன்று இந்தச் சங்கத்தின் செயலாளருக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். சங்கத்திலிருந்து பதில் வரும்வரை பெறாமகன் சந்தாக் காசைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.