மின்சார வண்டியின் கார்பன் உமிழ்வை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒரு வண்டி உருவாவதிலிருந்து உடைத்துப் பிரிக்கப்படும் நாள்வரை அதன் பொருட்டு வெளியாகும் கரியமில வாயுவின் மொத்த எடையே அதன் கார்பன் உமிழ்வு. மின்சார வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை. புகை மின்நிலையத்திலும் பேட்டரி ஆலையிலும் எழுகிறது. கல்யாணப் பந்தியில் புகை தெரியாது. கொல்லைப்புறத்தில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு ஸ்கூட்டரில் போய்வருபவரைப் பாருங்கள். 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 4.6 கிலோ வாயு. மின்சார ஸ்கூட்டருக்குச் சுமார் 3 யூனிட். நாட்டின் சராசரியில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, ஆக 2.1 கிலோ. பேட்டரி தயாரிப்பில் ஏறிய கூடுதல் சுமையை இந்த வித்தியாசம்தான் ஓட ஓட அடைக்கிறது.

இடுக்கி அணையின் நீர்மின்சாரம் இருப்பதால் கேரளத்தில் சார்ஜ் செய்தால் உமிழ்வே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, அதில் நிலக்கரி மின்சாரமும் கணிசமாக உண்டு.