ஏரிக்கரையில் ஒரு கோடை: ரங்கூன் வாசகிக்குப் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, திருமணமாகி மோல்மேனிலிருந்து ரங்கூனுக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மிங்கலா தாவ்ஞூனில் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். இந்தக் கோடை விடுமுறைக்கு என் அக்காளின் மூன்று பிள்ளைகள் ஒன்றரை மாதம் எங்களோடு தங்க வருகிறார்கள். மூத்தவனுக்கு வயது 14, நடுவில் இருக்கும் பெண்ணுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. மாமியாருக்கு முழங்கால் வலி. மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால் பகலில் வீடு கொதிக்கிறது. பிள்ளைகளோ கைபேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அதிகம் செலவு செய்ய வசதியில்லை. ஊரில் கன்டோஜி, இன்யா என்று இரண்டு பெரிய ஏரிகள் இருந்தும் ஆண்டுக்கு ஒருமுறைதான் அங்கே போகிறோம். அவற்றைக் கொண்டு விடுமுறையை எப்படிக் கழிக்கலாம்? மூத்தவன் இன்யா ஏரியில் நீந்த வேண்டும் என்கிறான், விடலாமா? ஷான் மாநிலத்து இன்லே ஏரிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாமா?
– ஒரு சித்தி, மிங்கலா தாவ்ஞூன்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்று உயிரைப் பற்றியது, மற்றொன்று பணத்தைப் பற்றியது.

இன்யா ஏரியில் நீந்த விட வேண்டாம். 1883ஆம் ஆண்டு வாக்கில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், சிறு குன்றுகளைக் கரை எழுப்பி இணைத்து, மழைநீரைத் தேக்கி நகரத்துக்குத் தண்ணீர் தருவதற்காக அமைக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. அந்நாளில் அதற்கு விக்டோரியா ஏரி என்று பெயர். கரை சரிந்து இறங்கும், அடியில் சேறும் பாசியும் இருக்கும், கால் வழுக்கினால் பற்றிக்கொள்ள எதுவும் அகப்படாது. ஆனால் 14 வயதுப் பையனுக்கு நீந்தும் ஆசை வந்திருப்பது நல்ல செய்தி. பயிற்றுநர் இருக்கின்ற நீச்சல் குளம் ஒன்றில் ஒரு மாதத்துக்குச் சேர்த்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்தாலும், இந்த ஒன்றுக்குக் கொஞ்சம் கியாட் ஒதுக்குவது வீணாகாது என்பது என் கருத்து.

இன்லேவுக்கு இந்தக் கோடையில் போக வேண்டாம். காலால் துடுப்பு வலிக்கும் இந்தா மக்களையும், நீரின் மேல் மிதக்கும் தக்காளித் தோட்டங்களையும் பிள்ளைகள் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வறண்ட மாதங்களில் அந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 7 அடிதான். மழைக்காலத்தில் அதற்குமேல் 5 அடி ஏறும். சித்திரையில் போனால் வற்றிய ஏரியையும் வெயிலையுமே பார்த்துவிட்டு வருவீர்கள். மேலும் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஏரிக்கரைக் கிராமங்களில் பல வீடுகள் விழுந்துவிட்டன. தொலைவு, செலவு, வழிப்பயணம் ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். மழை ஓய்ந்தபின் ஒரு நல்ல காலத்தில் போய்க்கொள்ளலாம்.

இனி நம் ஊர் ஏரிகள். நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் போகிறீர்கள் என்பதற்குக் காரணம் தூரமன்று, போகும் வேளை சரியில்லாததே என்று நினைக்கிறேன். சமையலை முடித்து, குளித்து, பிள்ளைகளைக் கிளப்பிப் பத்து மணிக்குப் புறப்பட்டால், பதினொரு மணிக்கு ஏரிக்கரை அடுப்பங்கரையாக இருக்கும். நானே சில ஆண்டுகளுக்கு முன் என் பேரன்களை அப்படி ஒரு முற்பகலில் அழைத்துப் போனேன். சின்னவன் மிதியடியைக் கழற்றிவிட்டு மரப்பலகை நடைபாதையில் ஓடினான். நான்கே அடியில் அலறிக்கொண்டு திரும்பி வந்தான். அன்று நாங்கள் ஏரியைப் பார்த்ததைவிட, அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே அதிகம். ஏப்ரல் மாதத்தில் ரங்கூனின் பகல் வெப்பம் சாதாரணமாகவே 37 டிகிரியை எட்டுகிறது. 2024 ஏப்ரலில் மக்வே பகுதியைச் சேர்ந்த சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானதை நீங்களும் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஆகவே காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ஒன்று, மாலை ஐந்துக்குமேல் பொழுது சாயும் வரை ஒன்று, இந்த இரண்டு வேளைகளை மட்டுமே ஏரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வீடு திரும்பும் நேரத்தை மட்டும் அன்றன்றைய ஊர் நிலவரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காலை வேளைக்குக் கன்டோஜி. உங்கள் வீட்டுக்கு அதுவே பக்கம். பர்மிய மொழியில் கன் என்றால் ஏரி, டோ என்றால் அரசுக்குரியது, ஜி என்றால் பெரியது. மந்தலேயிலும் மலை ஊரான பியின் ஊ லுவினிலும் இதே பெயரில் ஏரிகள் இருப்பதால், பிள்ளைகள் கைபேசியில் தேடும்போது மலைமேல் இருக்கும் பூங்காவின் படத்தைப் பார்த்து ஏமாறக்கூடும். நம் கன்டோஜியின் சுற்றளவு சுமார் 5 மைல். ஆழம் பெரும்பாலும் 2 அடிக்கும் 4 அடிக்கும் இடையில்தான். ஆழம் குறைவு என்பதற்காகக் கடைக்குட்டியின் கையை விட்டுவிடாதீர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஆழமே போதும்.

ஏரிக்கு மேற்கே ஷ்வேடகோன் பகோடா இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால், எழும் கதிரவனின் ஒளி நேராகப் பகோடாவின் பொன்மேல் விழுந்து, காற்றில்லாத நாட்களில் அது அப்படியே நீரில் தெரியும். மாலையில் அதே இடத்திலிருந்து பார்த்தால் பொன் கறுத்து, செவ்வானத்தின் முன் கோட்டுருவாக நிற்கும். மூத்தவனுடைய கைபேசியைப் பிடுங்காமல், ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் ஒரு படம் வீதம் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒன்றரை மாதத்தில் நாற்பது படங்களாவது சேரும்; சித்திரையின் தூசி வானத்திலிருந்து வைகாசியின் மழைமேகம் வரை அதில் வந்துவிடும். கைபேசியை விடு, விடு என்று நூறு முறை சொல்வதைவிட இது எளிது.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தக் கரையிலேயே கரவெய்க் மண்டபம் இருக்கிறது. பாலி மொழியில் கரவீகம் என்பது இனிய குரலுடைய ஒரு புராணப் பறவை. அப்பறவைகள் தாங்கும் அரச ஓடத்தின் வடிவில், உ ங்வே ஹ்லைங் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1972 ஜூனில் தொடங்கி 1974 அக்டோபரில் அதைக் கட்டி முடித்தார்கள். நீரில் மிதப்பதுபோல் தோன்றினாலும் அது செங்கல்லும் கான்கிரீட்டுமே. அது மிதக்கிறதா, ஊன்றி நிற்கிறதா என்று அவளைக் கேட்டுவிட்டு, பதிலை அவளே கண்டுபிடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். உள்ளே போய் உணவருந்துவது செலவு பிடிக்கும். கரையிலிருந்து பார்ப்பதே அழகு. ஏரிக்கு அருகில் 1906இல் திறந்த மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும். ஏரிநடையோடு சேர்த்தால் கடைக்குட்டியை நீங்கள்தான் தூக்கிச் சுமப்பீர்கள்.

உங்கள் மாமியாருக்கும் கன்டோஜியே ஏற்றது, சமதளம், நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு. அவரை முழுச் சுற்று நடக்கச் சொல்லாமல், ஒரு பாயும் வெந்நீர்க் குடுவையும் கொடுத்து ஓரிடத்தில் அமர்த்திவிட்டு, பிள்ளைகள் அவரிடம் ஓடுவதும் வருவதுமாக இருக்கட்டும். திரும்பும் வழியில் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அவர் பங்குனி விரதத்தில் இருந்தால் அது மீன் குழம்பில் ஆனது என்பதால் இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மாலைக்கு இன்யா. நகரின் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 6 மைல்; வைபிஎஸ் பேருந்திலேயே போய்விடலாம். பியே சாலையை ஒட்டிய மேற்குக் கரையில் அமர்ந்தால், இறங்கும் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும், எதிரே நீர் முழுவதும் வெளிச்சமாக இருக்கும். காற்று எழும் நாளில் பாய்மரப் படகுகளைக் காணலாம். இந்த ஏரியில் பாய்மரப் படகுக் கழகம் 1924இலிருந்தே இருக்கிறது. பக்கத்தில்தான் 1920இல் தொடங்கிய ரங்கூன் பல்கலைக்கழகம். மூத்தவனை அந்தப் பக்கம் ஒரு நடை நடத்திக் கொண்டுவாருங்கள், ஆனால் நன்றாகப் படித்தால் இங்கே வரலாம் என்ற பிரசங்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கரையெங்கும் குடைக்கடியில் இளஞ்சோடிகள் அமர்ந்திருப்பார்கள். அது இன்யாவின் பழைய வழக்கம். வெயில் இறங்கிய பிறகும் குடை எதற்கு என்று கடைக்குட்டி உரக்கக் கேட்டால், நீங்கள் பலூன்காரரைக் காட்டிப் பேச்சை மாற்ற வேண்டியிருக்கும்.

இன்யாவின் நீர் குழாய்கள் வழியாகக் கன்டோஜிக்கு வரும்படி அமைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. காலையில் ஒரு ஏரி, மாலையில் மற்றொன்று என்று போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே எந்தத் தெருக்கள் வருகின்றன, எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று குறிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாத ஒரு பகற்பொழுது அதிலேயே கழிந்துவிடும்.

முழுநாள் பயணம் ஒன்றும் வேண்டுமென்றால் வடக்கே 22 மைலில் ஹ்லாகா தேசியப் பூங்கா இருக்கிறது; 1982இல் அமைத்தார்கள். அங்கும் ஒரு நீர்த்தேக்கமும், காடும், மான்களும் உண்டு. குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும் என்பதால் தின்பண்டத்தை மூடிய பையில் வையுங்கள். நீர்ப்பறவைகளைக் காண்பதற்குக் குளிர்காலமே ஏற்றது. எனவே இதை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டின் நீர்த்திருவிழாவான திஞ்ஞான் வந்துவிடும், நம் சித்திரை வருடப் பிறப்பும் அந்த நாட்களிலேயே விழும். மூத்தவன் தெருவில் நனையட்டும். குழாய் கொண்டு வேகமாகப் பீய்ச்சும் பந்தல்களின் முன்னே மட்டும் நிற்க வேண்டாம், கண்ணிலும் காதிலும் அடிபட்டால் விடுமுறை முழுவதும் மருத்துவரிடம் போய்விடும். ஏரி நீரை வாளியில் மொண்டு ஒருவர்மேல் ஒருவர் ஊற்றுவதும் கூடாது. சிறியவர்கள் இருவருக்கும் பழைய முறையைக் கற்றுக்கொடுங்கள்: வெள்ளிக் கிண்ணத்தில் நல்ல நீர், அதில் நாவல் இனத்துத் தபியே மரத்தின் ஓர் இலைக்கொத்து, பெரியவர்களின் தோளில் மெல்லத் தெளித்து வணங்குவது. அன்று வீட்டில் வேப்பம்பூ சேர்த்த மாங்காய்ப் பச்சடியும் மோன்லோன் யேபோ உருண்டைகளும் ஒரே அடுப்பில் செய்யலாம். அரிசிமாவு உருண்டைகளுக்குள் வெல்லம் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாயை வைத்துவிடுவார்கள். அது மரபுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாமியாரின் தட்டை மட்டும் நீங்களே எடுத்து வையுங்கள்.

அதையொட்டி முதல் தூறல் விழுந்தால் படௌக் மரங்கள் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். படௌக் நம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம். வேங்கைப்பூப் பறிக்கப் போன மலைநாட்டுப் பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவியதாகச் சங்கப் பாடல்களில் வருகிறது. இதைச் சொன்னீர்களானால் கடைக்குட்டி ரங்கூன் தெருக்களில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று கூவாமல் வரமாட்டான், ஆனாலும் சொல்லுங்கள்.

நடுப்பகல் முழுவதும் வீடுதான். திரைச்சீலையை நனைத்துத் தொங்கவிடுங்கள், தாயக்கட்டையை எடுத்துக் கொடுங்கள். புறப்படுவதற்குமுன் பிள்ளைகள் தாங்களே கல்லில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொள்ளட்டும். அரைக்கும் வேலையிலேயே அரைமணி நேரம் போகும். எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து எப்போதும் கையில் வைத்திருங்கள். வெயிலில் எவருக்காவது தலைசுற்றி, வாந்தி வந்து, தோல் சுட்டுப் பேச்சுக் குழறினால், நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மே மாதத்தின் பிற்பாதியில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குமுன் பர்மியக் கசோன் மாதத்துப் பௌர்ணமி வரும். அன்று அரசமரத்துக்கு நீர் ஊற்றுவதையும், வற்றும் குட்டைகளில் சிக்கிய மீன்களைப் பிடித்துப் பெரிய நீர்நிலைகளில் விடுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மழை தொடங்கியதும் மாடியில் நீர் பிடித்து வைத்த குடங்களை மூடிவிடுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை மோல்மேனுக்கு அனுப்பும்போது, அந்த நாற்பது படங்களையும் அக்காளுக்குக் காட்டச் சொல்லுங்கள். எனக்கும் இரண்டு அனுப்புங்கள், காலையில் எடுத்தது ஒன்று, மாலையில் எடுத்தது ஒன்று.