அக்காகிட்ட கேளுங்க: இது எக்ஸாம்ல வருமா மேடம்?

கேள்வி: வணக்கம் அக்கா. இங்க மொரீஷியஸ்ல ஒரு யுனிவர்சிட்டில பார்ட் டைமா பாடம் எடுக்குறேன். இந்த செமஸ்டர் அக்கவுண்டிங் பசங்களுக்கு நிலைத்த வளர்ச்சி எடுன்னு தலையில கட்டிட்டாங்க. ஐநாவோட 17 இலக்கு, அந்த கலர் கட்டத்தை ஸ்க்ரீன்ல போட்டதும் பாதி பேர் போனுக்குள்ள போயிடுறாங்க, மீதி பேர் "இது எக்ஸாம்ல வருமா மேடம்"னு கேக்குறாங்க. என்ன பண்ணட்டும்?
- ரோஸ் ஹில் வாசகி

பதில்: பசங்களைத் திட்டாதம்மா, அந்தக் கட்டத்தைப் பாத்தா எனக்கே தூக்கம் வரும். நிலைத்த வளர்ச்சின்னா என்னன்னு 1987ல ஐநா குழுவோட புருண்ட்லாண்ட் அறிக்கை சொன்னது நம்ம பாட்டி சொன்னதுதான், இன்னைக்கு நீ சாப்பிடு, ஆனா நாளைக்கு வர்றவனுக்கும் பானைல இருக்கணும். அதை 17ஆப் பிரிச்சு மனப்பாடம் பண்ண வெச்சா யாருக்கு ஏறும்?

நீ வகாஷியோங்கிற ஜப்பான் சரக்குக் கப்பலை எடு. 2020 ஜூலை 25 நம்ம தென்கிழக்குக் கரைல பாயிண்ட் டெஸ்னி பக்கம் பவளப்பாறைல ஏறி நின்னுச்சு, ஆகஸ்ட் 6 எண்ணெய் கசிய ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 1,000 டன் கடல்ல கலந்துச்சு, நம்ம ஜனங்க கரும்புத் தோகையைத் துணில அடைச்சு தடுப்பு கட்டுனாங்களே, உன் பசங்க அப்போ ஸ்கூல் பிள்ளைங்க, நிச்சயம் ஞாபகம் இருக்கும். இப்போ கணக்கு போடச் சொல்லு. மீனவருக்குப் போன வருமானத்தை ரூபாய்ல எழுதிடலாம், ஹோட்டல் நஷ்டத்தையும் எழுதிடலாம். அலையாத்திக் காட்டுக்கு என்ன விலை? அதை யாரோட பேலன்ஸ் ஷீட்ல எழுதுறது, கப்பல்காரன்தா, அரசாங்கத்துதா? ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க பாரு, ஒருத்தன் கையிலயும் போன் இருக்காது.

அடுத்த வாரம் கரும்புச் சக்கை. வெட்டு சீசன்ல சக்கையை எரிச்சு கரண்ட் எடுக்குறோம்னு பெருமையாப் பேசுறோம், சீசன் முடிஞ்சதும் அதே ஆலைல பல இடத்துல வெளிநாட்டு நிலக்கரிதான் எரியுது, அப்போ இது பச்சை கரண்டா இல்லையா, வருஷம் முழுக்க சேத்துக் கணக்கு பாக்கச் சொல்லு. (எங்க தாத்தா கரும்பு வெட்டுனவரு, சக்கைல கரண்ட்டுன்னா சிரிச்சிருப்பாரு.)

ஒரு நாள் அந்த எண்ணெய் கசிஞ்ச பக்கம் இருக்குற மஹேபூர்க் ஊருக்குக் கூட்டிட்டுப் போ, பசங்களுக்கு பஸ் ஃப்ரீதான். மீன் விக்கிறவங்ககிட்ட அவங்களே பேசட்டும், நீ குறுக்க பேசாத. எக்ஸாமுக்கும் இதையே கேளு, 17 இலக்கையும் வரிசையா எழுதுன்னு மட்டும் கேட்டுடாத தாயே.