காதில் ஓதும் குட்டிச்சாத்தான்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய மேஜிக் ஷோ போஸ்டர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்க வித்தைக்காரர் ஹாரி கெல்லரின் போஸ்டர்களைத் தேடிப் பார்த்தேன். அவர் தோளில் சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் உட்கார்ந்து காதில் ஏதோ ஓதுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மேடையில் சாத்தான் ஏது? எல்லாம் கம்பியும் கண்ணாடியும்தானே? டிக்கெட் வாங்குகிறவரை வாசலிலேயே ஏமாற்றுகிற பொய் விளம்பரம் இல்லையா இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், சுவரில் போஸ்டரை ஒட்டியபோதே வித்தை தொடங்கிவிட்டது என்பேன்.

நீங்கள் பார்த்தது, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகம் 1894இல் போட்ட படமாக இருக்கும். சாத்தான்களை விட்டுவிட்டு கெல்லரைப் பாருங்கள். விறைப்பான வெள்ளைக் காலரும் கோட்டுமாக, கண்ணியமான பெரிய மனிதர். பயமே இல்லை; வேண்டியவர் சொல்வதைக் கேட்பதுபோல் இருக்கிறார். சாத்தானை அன்றைக்கும் பெரும்பாலோர் நிஜமென்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் 'இவருக்கு யாரோ ரகசியம் சொல்லித் தருகிறார்கள்' என்ற எண்ணம் மனசில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேடையில் ஒரு பெண் அந்தரத்தில் மிதக்கும்போது, கம்பியைத் தேட வேண்டிய கண் கெல்லரின் முகத்திலேயே நிற்கும்.

பூட்டு, விலங்குகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி இதில் இன்னும் கெட்டிக்காரர். கால்களைப் பூட்டி, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் தலைகீழாக இறக்குவார்களே, 1912இல் பெர்லினில் மேடையேறிய வித்தை, அதன் போஸ்டரில் ஒரு சவால் இருக்கிறது: அந்த நிலையில் உள்ளே காற்று கிடைக்கும் என்று நிரூபிப்பவருக்கு 1,000 டாலர் பரிசு. படித்துவிட்டு வருகிறவர் என்ன யோசிப்பார்? எப்படி மூச்சு விடுகிறார் என்றுதான். பூட்டை எப்படித் திறக்கிறார் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும். சவாலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா?

எப்போதாவது அசல் போஸ்டர் கண்ணெதிரே கிடைத்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். இவை கல்லச்சுப் படங்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஈரக் கல்லில் மை, வரைந்த கோடுகளில் மட்டும் பிடிக்கும், தண்ணீர் உள்ள இடத்தில் ஒட்டாது. பெரும்பாலும் ஒரு நிறத்துக்கு ஒரு கல். சாத்தானின் சிவப்புக்குள் கிரேயான் பொருபொருவென்று உதிர்ந்த தடம் தெரியும். சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. அந்தத் தடத்தை முதல்முறை பார்த்தபோது, வரைந்தவர் அப்போதுதான் கையை எடுத்ததுபோல் இருந்தது எனக்கு.

சரி, பொய்யே இல்லையா? இருக்கிறது. சங் லிங் சூ என்ற 'சீன' வித்தைக்காரரின் போஸ்டர்களைத் தேடிப் பாருங்கள். உண்மையில் அவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற நிஜமான சீனக் கலைஞர் ஒருவர் புகழோடு இருந்த காலத்திலேயே, அவர் பெயரை ஒட்டித் தன் பெயரையும் வேஷத்தையும் அமைத்துக்கொண்டவர். 1918 மார்ச்சில் லண்டன் மேடையில், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தை தவறி, குண்டு பாய்ந்து மறுநாள் இறந்துபோனார். அந்த முடிவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் அந்த போஸ்டர்களில் ஒரு நிஜ மனிதரின் இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டது தெரிகிறது. எவ்வளவு அழகான அச்சாக இருந்தாலும், கெல்லரின் சாத்தான்களைப் போல அவற்றை என்னால் ரசிக்க முடியவில்லை.

அன்புடன்.