கதவு சத்தத்துக்கே கை நடுங்குகிறது என்று கேட்ட கொழிஞ்சாம்பாறை சகோதரிக்கு

இது பைத்தியம் இல்லை, பலவீனமும் இல்லை. அப்பா குடித்துவிட்டு வந்து கதவை உதைத்த நாட்களில் உங்கள் உடம்பு பழகிய பயம், இப்போது கணவர் சாதாரணமாகக் கதவைச் சாத்தினாலும் விழித்துக்கொள்கிறது. சிறுவயதுக் கொடுமைகள் கூடக்கூட பெரியவர்களிடம் மனச்சோர்வும் கூடுவதை 1998-லேயே அமெரிக்காவில் ஃபெலிட்டி என்ற மருத்துவரின் குழு செய்த ஆய்வு காட்டியது.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: சத்தம் கேட்டால் மட்டும் நடுக்கமா, சும்மா இருக்கும்போதுமா? சும்மாவும் வந்தால் முதலில் தைராய்டு பரிசோதனை. நடுங்கும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விடுங்கள்.

தூக்கமே போய்விட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். நீங்கள் கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் இருப்பதால் மலையாளத்தில் பேசினாலும், தயங்காமல் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். இதையெல்லாம் தாய்மொழியில்தான் சொல்ல வரும்.

ஆனால் கணவரும் கை ஓங்குகிறார் என்றால் அது பழைய பயம் இல்லை. பெண்கள் உதவி எண் 181-க்கு உடனே பேசுங்கள்.