எந்த வரியில் நின்றீர்கள்? – கவிதைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் கவிதை எழுதிப் போடுகிறவர்கள், அதற்கு வருகிற பதில்களைப் பற்றியும் வராத பதில்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

அம்மா, நாற்பது பேர் உள்ள ஒரு கவிதைக் குழுவில் இரண்டு வருடமாக எழுதுகிறேன். எது போட்டாலும் 'அருமை', 'சிறப்பு', கைகூப்பும் படம், பூங்கொத்து. முதலில் சந்தோஷமாக இருந்தது. இப்போது யாராவது படிக்கிறார்களா என்றே சந்தேகம் வருகிறது. நான் எழுதுவது தேறுமா தேறாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி, மன்னார்குடி

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் 'அருமை' போட்டவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பார்த்திருப்பார், உங்கள் மேல் இருக்கும் அன்பில் ஒரு பூங்கொத்து போட்டிருப்பார். அது உங்களுக்கு வந்த பதில். கவிதைக்கு வந்த பதில் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எழுத ஆரம்பித்தபோது எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும், கடைசி இரண்டு பக்கத்தைக் கருத்து எழுதுவதற்கென்று காலியாக விட்டிருப்போம். திரும்பி வரும்போது அட்டையில் எண்ணெய்க் கறையும் காப்பி வட்டமும் இருக்கும். நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். ஒருமுறை அதில் யாரோ பென்சிலில், 'மழை பற்றிய கவிதையில் கடைசி இரண்டு வரி வேண்டாம், அதற்கு முன்பே மழை நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்த இரண்டு வரியை மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே உண்மை. அதற்குப் பிறகு எதை எழுதி முடித்தாலும் கடைசி இரண்டு வரியைக் கையால் மூடிப் பார்க்கிற பழக்கம் வந்தது, இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது அந்தப் பென்சில்காரர். நாற்பது பேரும் அப்படி ஆக வேண்டியதில்லை, இரண்டு பேர் போதும். அவர்களிடம் கவிதையைத் தனியாக அனுப்பும்போது 'நன்றாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நல்ல மனுஷர்கள் எல்லோரும் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். 'எந்த வரியில் நின்றீர்கள்? எந்த வரியைப் படிக்காமலே தாண்டிப் போனீர்கள்?' என்று கேளுங்கள். இதற்கு இலக்கணமோ விமர்சனமோ தெரிந்திருக்க வேண்டாம், படித்திருந்தால் போதும், யாராலும் சொல்ல முடியும். அதற்கு முன் நீங்கள் அவர்களுடைய கவிதைக்கு இப்படி ஒரு பதில் எழுதிப் பாருங்கள். குழுவில் ஒருவர் ஆரம்பித்துவிட்டால் மெல்ல மெல்ல மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

வெண்பா எழுதப் பழகுகிறேன். ஒரு மரபுக்கவிதைக் குழுவில் இதைப் போட்டேன்:

பாட்டி இருந்த திண்ணையில் பூனைகள்
வீட்டினுள் யாரும் இலை

மூத்தவர் ஒருவர், 'தளை தட்டுகிறது. யாப்பு படித்துவிட்டு வரவும்' என்று போட்டார். அதற்குக் கீழே எட்டு பேர் அவரை ஆமோதித்தார்கள். ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. – ஒரு வாசகர், கோவில்பட்டி

ஆறு மாதம் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது நல்ல குறள் வெண்பாவாக வர வேண்டியது. ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. அந்தப் பெரியவர் சொன்னது தப்பில்லை, ஆனால் எந்த இடம் என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

ஒரு சீர் அடுத்த சீரோடு சேர்கிற முறைதான் தளை, அது பிசகினால் தட்டுகிறது என்கிறோம். 'பாட்' போல ஓர் உயிர் ஒலி மட்டும் இருந்தால் நேரசை, 'இருந்' போலக் குறிலில் தொடங்கி இரண்டு உயிர் ஒலி இருந்தால் நிரையசை. இரண்டு அசை உள்ள சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூன்று அசை உள்ள சீர் நேரில் முடிந்தால் காய். வெண்பாவுக்குச் சீர்கள் ஒன்றோடு ஒன்று சேர்வதற்கு நாம் மனப்பாடம் செய்வது மூன்றே விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது மாவில் முடிந்த சீருக்கு அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் நேரில். உங்கள் முதல் சீர் 'பாட்டி', நேர் நேர், தேமா. அடுத்து 'இருந்த' நிரையில் தொடங்குகிறது, சரி. 'இருந்த' புளிமா, ஆகவே அடுத்த சீரும் நிரையில் தொடங்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 'திண்ணையில்', 'திண்' நேரசை. இங்கேதான் தட்டுகிறது. அதற்குப் பிறகு எல்லாமே சரி: விளத்துக்குப் பின் 'பூனைகள்' நேர், அதற்குப் பின் 'வீட்டினுள்' நேர், 'யாரும்' நேர், கடைசியில் 'இலை' ஒற்றை நிரையசை, வெண்பா முடியலாம் என்கிற மலர் வாய்பாட்டில் முடிகிறது. பாட்டி, வீட்டி என்று எதுகையும் நின்றிருக்கிறது.

இப்போது திருத்துவோம். திண்ணைக்கு முன்னால் நிரையாக ஒன்று வேண்டும். 'பழந்திண்ணை' என்றால் நிரை நேர் நேர், புளிமாங்காய். பாட்டிக்குப் பழந்திண்ணை மோனையாகவும் வந்துவிடுகிறது. காய்க்குப் பின் நேர் வர வேண்டும், பூனை அப்படியே இருக்கலாம். ஆனால் 'பழந்திண்ணை பூனைகள்' என்றால் வாக்கியம் நிற்காது, 'இல்' போய்விட்டதே. அப்புறம் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வந்தது இது:

பாட்டி இருந்த பழந்திண்ணை பூனைக்கு
வீட்டினுள் யாரும் இலை

இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முன்பு திண்ணையில் பூனைகள் இருந்தன, வெறும் காட்சி. இப்போது திண்ணை பூனைக்குப் போய்விட்டது. பாட்டியின் சொத்து கைமாறிவிட்டது, கேட்க வீட்டில் யாரும் இல்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தளை பிடித்துத் தள்ளியதில் வந்து விழுந்தது. யாப்பைச் சுமையாக நினைக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஆசை இதுதான்: நாமாக யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாத ஒரு சொல்லிடம் சில நேரம் அது கூட்டிக்கொண்டு போகிறது. உங்களுக்கு இந்தத் திருத்தம் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கவிதை உங்களுடையது, வேறு வழியும் இருக்கும்.

தளையைத் தனியாகச் சோதித்துப் பார்க்க 'அவலோகிதம்' என்று இலவச மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. பாட்டைப் போட்டால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். குழுவில் போடுவதற்கு முன் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பயம் பாதி போகும். ஆனால் 'பூனைகள்' என்பதைவிடப் 'பூனைக்கு' என்பது நன்றாக இருக்கிறது என்று அது சொல்லாது, அதற்கு மனுஷர்தான் வேண்டும்.

அந்தக் குழுவில் உள்ள மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தளை தட்டுகிறது' என்று எழுதும் அதே விரலால் எந்தச் சீரில் என்றும் எழுதிவிடுங்கள், தயவுசெய்து. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வதும், தப்பாக வந்ததை எடுத்து உட்காரவைத்துத் திருத்துவதும் நம் பழக்கமாக இருந்ததுதானே.

என் பள்ளித் தமிழாசிரியர் எங்கள் குழுவில் எழுதுகிறார். ஒற்றுப்பிழை வருகிறது. சொல்லலாமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

சொல்லுங்கள், குழுவில் வேண்டாம், தனியாக. 'ஐயா, இந்த இடத்தில் வல்லினம் மிகுமா என்று எனக்கு ஒரு சந்தேகம்' என்று கேளுங்கள். பெரும்பாலும் அது செல்போனில் விரல் வழுக்கியதாகத்தான் இருக்கும். அவரே திருத்திவிடுவார், தன் மாணவி இன்னும் கவனமாகப் படிக்கிறாள் என்று சந்தோஷப்படுவார்.

நான் எழுதிய எட்டு வரி, என் பெயர் இல்லாமல் 'படித்ததில் பிடித்தது' என்று எனக்கே ஃபார்வர்டில் வந்தது. இன்னொரு குழுவில் வேறொருவர் தன் பெயரிலேயே போட்டிருந்தார். நான் பதிவு எதுவும் செய்து வைக்கவில்லை. எனக்கு உரிமை இருக்கிறதா? – ஒரு வாசகர், ஈரோடு

இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கவிதை ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய அந்த நிமிஷத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். அந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, இதை எழுதியவன் நான் என்று உரிமை கோருவதைத் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. பதிப்புரிமையை நாளைக்கு ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது உங்களிடமே இருக்கும்.

ஆனால் சட்டத்தை முதலில் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் முதலில் போட்ட பதிவைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தன் பெயரில் போட்டவருக்குத் தனியாக அதை அனுப்பி, பெயரை மாற்றச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் குழு நிர்வாகியிடம் சொல்லுங்கள், ஃபேஸ்புக் என்றால் அங்கேயே புகார் செய்ய வழி இருக்கிறது. 'படித்ததில் பிடித்தது' என்று அனுப்பியவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் வராமலே வந்திருக்கும், அவர்கள் மேல் தப்பில்லை. அதை மேலே அனுப்புகிற நாம்தான், யார் எழுதியது என்று ஒருமுறை கேட்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் 'எழுதியவர் தெரியவில்லை' என்றாவது போடலாம். ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதிய எட்டு வரிக்கு நாம் செய்யக்கூடியது அது.

இனிமேல் போடும்போது கவிதையின் கடைசி வரியோடு ஒட்டியே உங்கள் பெயரைப் போடுங்கள். தனியாகக் கீழே இருந்தால் முதலில் உதிர்வது அதுதான்.

குழுவில் போட்ட கவிதையைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா? – ஒரு வாசகர், தென்காசி

பல பத்திரிகைகளும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராததைத்தான் கேட்கின்றன. பொதுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டதையும் வெளிவந்ததாகவே கணக்கில் கொள்கிறவர்கள் உண்டு. ஆகவே அனுப்ப நினைக்கும் கவிதையை இரண்டு மூன்று பேரிடம் மட்டும் காட்டித் திருத்திக்கொண்டு, பதில் வரும்வரை கையில் வைத்திருங்கள்.

குழு நிர்வாகி நான். எங்களிடம் ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் மட்டுமே பாராட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் நல்ல கவிதை போட்டாலும் கண்டுகொள்வதில்லை, அவர்கள் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்? – ஒரு வாசகர், சேலம்

ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் கூடும் கூட்டங்களில் ஒரு முறை இருக்கிறது. ஆளுக்குச் சில கவிதைகளைத் துண்டுச் சீட்டுகளில் பெயர் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சீட்டுகளைக் கலந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, வேறு தாளில் பிரதி எடுப்பார்கள், கையெழுத்தை வைத்து யார் என்று தெரிந்துவிடக் கூடாதே. பிறகு எல்லாத் தாளும் எல்லோர் கைக்கும் சுற்றி வரும், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்ததை வாசித்த பிறகுதான், எழுதியவர் 'நான்' என்று பெயர் சொல்வார். பல வருஷம் எழுதிய குருவின் கவிதையை யாரும் எடுக்காமல் போகலாம், நேற்று வந்தவருடையதைப் பத்துப் பேர் எடுக்கலாம். ஜப்பானியக் கவிதையைப் பற்றி பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். அப்புறம் ஹைக்கூ நம்மிடம் இவ்வளவு பரவியது, கூடவே இந்தக் கூட்டமுறையும் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

உங்கள் குழுவில் இதை நடத்துவது சுலபம். வாரம் ஒரு நாள், எல்லோரும் ஆளுக்கு ஒரு கவிதையை உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். நீங்கள் பெயரை எடுத்துவிட்டு, எண் போட்டு, ஒரே செய்தியாகக் குழுவில் போடுங்கள். ஒவ்வொருவரும் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும், தன்னுடையதைச் சொல்லக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் எந்த வரிக்காக எடுத்தேன் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மறுநாள் காலையில் பெயர்களைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நிர்வாகிக்கு எல்லாப் பெயரும் தெரியும் என்பதால் அந்த வாரம் நீங்கள் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், உங்கள் கவிதையைச் சேர்க்கவும் வேண்டாம். அந்த வேலையை வாராவாரம் கை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஐந்தாறு பேரை ஒதுக்காதீர்கள், அவர்கள்தான் இத்தனை நாள் குழுவை உயிரோடு வைத்திருந்தவர்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் போன மாதம் மகனை இழந்தார். பத்து நாள் கழித்து ஒரு நீண்ட கவிதை போட்டார். கவிதையாகப் பார்த்தால் சரியாக வரவில்லை, ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் நடுவில் 'அவன் பைக் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது' என்று ஒரு வரி. எல்லோரும் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார்கள். உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை. – ஒரு வாசகி, நாகர்கோவில்

திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். நம் ஒப்பாரியிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்பத்தானே வரும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அவரே அந்தக் கவிதையை எடுத்து, 'இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அவர் இரங்கலுக்காக அதைப் போட்டிருக்க மாட்டார். இரங்கல் பத்து நாளாக வீட்டு வாசலிலேயே வந்துகொண்டிருந்திருக்கும். அவர் அந்தச் சாவியை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார், நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், எனக்கு எழுதும்போதுகூட அந்த வரியை மறக்கவில்லை. குழுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் போன் செய்யுங்கள். 'அண்ணா, அந்தச் சாவி வரியில் நின்றுவிட்டேன், அதற்கு மேல் படிக்க முடியவில்லை' என்று சொல்லுங்கள். அவர் பையனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், அவசரமில்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.