அசோ சாயம் தார் ஆவது ஏன்?

கேள்வி: அனிலினையும் ஃபீனாலையும் வைத்து, ஒளிபட்டால் வடிவம் மாறும் அசோ சேர்மம் (இரு நைட்ரஜன் அணுக்கள் நடுவில் இணைந்த சாயம்) செய்கிறோம். தாராகிறது. தாராகாமல் கிடைத்த கொஞ்சமும், எத்தனாலில் கரைத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் வைத்தால், மாற்றம் காட்டவில்லை.
- எம்.எஸ்சி. மாணவி, கடலூர்

பதில்: அனிலினிலிருந்து முதலில் உருவாகும் டையசோனியம் உப்பு, 5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் குமிழிவிட்டுச் சிதையும், தாருக்கு அதுவே காரணம். கடலூர் வெயிலுக்கு வெறும் ஐஸ் போதாது, உப்புக் கலந்து வையுங்கள். அனிலின் 0.93 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 மி.லி.; சோடியம் நைட்ரைட் 0.70 கிராமை நீரில் கரைத்துச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். ஸ்டார்ச்-அயோடைடு தாள் உடனே நீலமானால் நிறுத்தி, மிச்ச நைட்ரஸ் அமிலத்தை யூரியாவால் போக்குங்கள். பிறகு, குளிர்ந்த ஃபீனால்-சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சேருங்கள். டையசோனியம் உப்பை உலர்த்தவே கூடாது, வெடிக்கும்!

விளக்கின்மேல் குறையில்லை. ஹைட்ராக்சி தொகுதி இருப்பதால், ஒளியால் உருவாகும் சிஸ் (வளைந்த) வடிவம் எத்தனாலில் நொடிக்குள் பழைய டிரான்ஸ் (நீண்ட) வடிவத்துக்குத் திரும்பிவிடும். அந்த ஹைட்ராக்சி தொகுதியை மெத்தில் ஈதராக்குங்கள் (அதன் ஹைட்ரஜனுக்குப் பதில் மெத்தில் தொகுதி). சிஸ் மணிக்கணக்கில் நிற்கும்.